இரண்டு சுரக்காரன்

பின்னால் நின்று வாசிக்கிறவனின் பிழைப்பு விசித்திரமானது: சரியாக வாசித்தால் ஒருவருக்கும் தெரியாது, தப்பாக வாசித்தால் ஊருக்கே தெரியும். பின்பாட்டுக்காரர்களே, ஜால்ரா தட்டுகிறவர்களே, ஆர்மோனியத்துக்குத் துருத்தி போடுகிறவர்களே, நீங்கள் எல்லாரும் என் இனம். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

நான் வாசித்தது டபிள் பேஸ். ஆள் உயரத்துக்கு ஒரு பிடில் என்று வைத்துக்கொள்ளுங்கள். யுத்தத்தின்போது பெங்களூரில் பட்டாளத்தில் இருந்தேன். அங்கே அதிகாரிகள் கிளப்பில் சனிக்கிழமைதோறும் ஜாஸ் உண்டு. பேஸ் வாசித்தவர் மாற்றலாகிப் போய்விட, கூட்டத்தில் நான்தான் நெட்டை என்பதால் என்னைப் பிடித்து நிறுத்தினார்கள். முதல் தட்டுக்கு ஆதார சுரம், மூன்றாம் தட்டுக்கு அதற்கு ஐந்தாவது சுரம். நம் கணக்கில் ஸ, ப. விரலால் சுண்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு மேல் யாரும் சொல்லித் தரவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

எஸ்தரின் யோசனை

யுத்தம் முடிந்ததும் ஒரு கையில் டிரங்குப் பெட்டியும் தோளில் பேஸுமாக ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் இறங்கினேன். என்னைப் பார்த்து மலர்ந்த என் மனைவி எஸ்தரின் முகம், பேஸைப் பார்த்ததும் பாதி சுருங்கிவிட்டது. ராஜபாளையம் மில்லில் அவள் அண்ணன் எனக்கு வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். எனக்கோ ராஜபாளையத்தில் புதிதாக முளைத்திருந்த கல்யாண பேண்டில் சேர வேண்டும். கார்த்திகை முடிவதற்குள் பேண்டில் இடம் கிடைத்தால் பேஸ், இல்லாவிட்டால் மில் என்று எங்களுக்குள் ஒப்பந்தமாயிற்று.

தினமும் காலையில் இரண்டு மணி நேரம் சாதகம். டும், டும். ஸ, ப. பத்து நாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பதினோராம் நாள் அடுப்படியிலிருந்து எஸ்தர் எட்டிப் பார்த்தாள். "ஏங்க, நாலு கம்பி இருக்கு, ரெண்டு சத்தந்தான் வருது. சும்மா கெடக்கிற ரெண்டு கம்பியில நான் துணி காயப்போட்டுக்கிடட்டா?"

ஸ எங்கே இருக்கிறது?

அடுத்த தெரு மாரியப்பன் நாகஸ்வர கோஷ்டியில் ஒத்து ஊதுகிறவர். மூச்சு அறாமல் ஒரே ஸவைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் அவர் வேலை. என் சத்தத்தைக் கேட்டு, சொந்தக்காரன் வந்துவிட்டான் என்கிற மாதிரி வந்து உட்கார்ந்தார். அவருக்கு ஒரு சுரம், எனக்கு இரண்டு. அதனால் என்மேல் கொஞ்சம் மரியாதைகூட இருந்தது.

ஒருநாள் பழைய பயிற்சியை விட்டு முழு ஜாஸ் பாட்டு ஒன்றுக்குச் சாதகம் செய்தேன். அங்கேதான் வந்தது வினை. ஜாஸில் பாட்டு நகர நகர ஆதார சுரமே மாறும். இப்போது இது ஸ. நாலு தட்டு கழித்து வேறொன்று ஸ. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ப. மாரியப்பன் கண்ணை மூடிக்கொண்டு என்னோடு தம் ஸவை முனகிப் பார்த்தார். ஓரிடத்தில் ஒட்டியது, அடுத்த இடத்தில் கடித்தது. மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெங்களூரில் முதல் மாதம் நானும் நாகஸ்வரம் கேட்டு வளர்ந்த காதோடு, பாட்டு முழுக்க ஒரே ஸவைப் பிடித்துக்கொண்டிருந்து அதிகாரிகளை ஆட முடியாமல் அடித்தவன்தானே! மாரியப்பன் காபிகூடக் குடிக்காமல் எழுந்து போனார். மறுநாள் விடிந்ததும் வேப்பங்குச்சியை மென்றுகொண்டே வாசலில் நின்றார். "அண்ணே, ஸ வீடு மாறுதுன்னே வச்சுக்கிடுவோம். பாடுதவன் கடைசியில எந்த வீட்டுக்குத் திரும்புவான்?"

சபையில் ஒரு ஞாயிறு

கூட்டத்தில் வாசித்துப் பழக வேண்டும் என்று எங்கள் சபைப் பாதிரியாரான ஐயரிடம் அனுமதி கேட்டேன். கீர்த்தனைக்கு ஆர்மோனியத்தோடு பேஸும் சேர்ந்தது. வெறும் ஸ, ப தான். இரண்டாம் சரணத்தில் ஆண்கள் பக்கம் நாலைந்து கால்கள் தரையில் தட்ட ஆரம்பித்தன. ஓய்வுபெற்ற ஏட்டையா ஒருவர் தோளைக்கூட ஆட்டினார். ஆராதனை முடிந்ததும் ஐயர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சாமுவேலு, இத்தனை வருஷத்துல சபையார் இம்புட்டு உற்சாகமாப் பாடி நான் பார்த்ததில்ல. அடுத்த வாரம் அதைக் கொண்டு வராதே."

தரை

பேண்டை நடத்தியது ஆசீர்வாதம். கிளாரினெட்காரர், கொழும்பு ஹோட்டல்களில் வாசித்தவர், என்னைவிட எட்டு வயது இளையவர். ராஜபாளையத்தில் பஞ்சு மூட்டை அடுக்கும் ஒரு கிட்டங்கியில் ஒத்திகை. முதல் நாளே கெட்டிக்காரத்தனம் காட்டவேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. அவர் கிளாரினெட்டில் சுற்றிச் சுற்றி மேலே போகும்போது, ஸவுக்கும் பவுக்கும் நடுவே நானும் நாலு சுரத்தைச் சொருகினேன். இரண்டே சுற்றில் அவர் பாட்டைத் தொலைத்துவிட்டு நின்றார்.

கோபித்துக்கொள்வார் என்று பார்த்தேன். கோபம் வரவில்லை. கார்த்திகையில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம் இருக்கிறது, அந்த வீட்டார் சரியென்றால் நீங்கள் பேண்டில் உண்டு, வேண்டாமென்றால் இல்லை என்று முதலில் சொன்னார். பிறகு நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "அண்ணாச்சி, நான் ஆடுதேன், நீங்க தரை. தரையும் சேந்து ஆடுச்சுன்னா நான் எங்க கால வைக்க?"

மாப்பிள்ளை அழைப்பு

பெண் வீட்டார் ராஜபாளையத்தில் தெலுங்கு பேசும் பெரிய குடும்பம். கோவிலிலிருந்து பெண் வீடுவரை மாப்பிள்ளை அழைப்பு. மற்றவர்கள் நடந்துகொண்டே வாசிப்பார்கள். பேஸை வைத்துக்கொண்டு நடக்க முடியாது. ஆகவே எங்கள் ஊர்க் குருசாமியின் மாட்டு வண்டியில் என்னையும் அதையும் நிறுத்திக் கட்டினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தே அந்த வண்டியில்தான் வந்திருந்தேன். பயத்தில் வழி நெடுக ஸ, ப, ஸ, ப என்று சுண்டிக்கொண்டே வந்தேன்.

சாயங்காலம் ஊர்வலம் புறப்பட்டது. முன்னால் பேண்டு, பிறகு என் வண்டி, அதற்குப் பின்னால் திறந்த காரில் மாப்பிள்ளை. பாதித் தெருவில் பெண்ணின் அப்பா ஆசீர்வாதத்தின் பக்கத்தில் வந்தார். மற்றவர்கள் பாட்டு வாசிக்கிறார்கள், வண்டியில் நிற்கிறவர் மட்டும் இரண்டு சத்தத்தையே திருப்பித் திருப்பிப் போடுகிறார், சம்பந்தி வீட்டார் சிரிக்கிறார்கள், அவரை நிறுத்துங்கள் என்றார். ஆசீர்வாதம் தலை குனிந்தபடி எனக்குக் கையைக் காட்டினார். கையை எடுத்துவிட்டேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மில் வாசல் கண் முன்னால் நின்றது.

நான் வாசிப்பை நிறுத்தியதும் மாடுகளும் நின்றுவிட்டன. பேண்டு நாலு வீடு தள்ளிப் போய்விட்டது. குறுகலான தெரு, பின்னால் கார் தாண்ட இடமில்லை. குருசாமி நாக்கைச் சொடுக்கினார், வாலை முறுக்கினார். இரண்டடி எடுத்து வைத்து மறுபடி நின்றன. "மொதலாளி, காலையிலருந்து அந்தச் சத்தத்துக்குத்தான் நடந்து வருதுக. கல்யாண வீட்டு மாட்ட நான் அடிக்க மாட்டேன்" என்றார். எனக்கு அழுகை போய் ஆர்வம் வந்துவிட்டது. ஸவை மட்டும் மெல்லச் சுண்டினேன், காதுகள் நிமிர்ந்தன. பவைச் சுண்டினேன், கால்கள் நகர்ந்தன. நிறுத்தினேன், நின்றன. பெண்ணின் அப்பா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "ஏமய்யா மாஸ்டர், அவர வாசிக்கச் சொல்லுங்க, கடைசிவரைக்கும் நிறுத்தவே வேண்டாம். நல்ல நேரம் முடியுறதுக்குள்ள மாப்பிள்ளை நம்ம வீடு வந்து சேரணும்."

அன்று பேண்டில் கிடைத்த இடத்தில் இருபது வருஷம் நின்று வாசித்துவிட்டேன், ஆனால் அதற்குச் சிபாரிசு செய்தவை இரண்டு மாடுகள் என்பதை மட்டும் மச்சானிடம் இன்றுவரை சொல்லவில்லை.