கொம்புக்கும் ஒரு பொட்டு

அப்பாவின் முப்பத்தோராம் நாள் காரியமான அந்தியேட்டிக்குச் சிறி மாமா அச்சடித்த நினைவு மலரின் அட்டையில் "வானை அளந்த வித்தகர்" என்று போட்டிருக்கிறது. அப்பா அளந்தது மெல்பேர்னில், டண்டினொங்கில் ஒரு குளிர்க் களஞ்சியத்தில் வேலை செய்தவர்களின் சம்பளத்தை. கணக்காளர். பெயர் இந்திரகுமார். கடைசிவரை அதே கொம்பனி, அதே யன்னலோரக் கதிரை. செத்ததும் அந்தக் கொம்பனியின் கார் தரிப்பிடத்தில்தான், மாரடைப்பில். மலரில் "விண்ணேகினார்" என்று எழுதியிருக்கிறது.

உள்ளே இன்னும் மோசம். சிறுவயதில் ஊருக்கு மேலே வந்த குண்டு விமானங்களைப் பார்த்து, ஒருநாள் நானும் பறப்பேன் என்று சபதம் எடுத்தாராம். விமானச் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே புகுந்ததாகத்தான் அப்பா எங்களிடம் சொல்லியிருக்கிறார். பறக்கப் போன கதை வேறு. அலுவலகக் கிறிஸ்மஸ் விருந்தில் சீட்டுக் குலுக்கினார்கள். முதற்பரிசு பெரிய தொலைக்காட்சி. அப்பாவுக்கு விழுந்தது சிறு விமானத்தில் அரை மணிநேரப் பறப்பு. தொலைக்காட்சி விழுந்தவரிடம் போய், மாற்றிக்கொள்வோமா என்று கேட்டார். அவர் மாட்டேன் என்றார். அதனால் அப்பா பறந்தார்.

இறங்கி வந்தபோது அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். அதைச் சபதம் என்று எழுதுகிறவர்களுக்குச் சொல்லி விளங்காது.

பிறகு விமானம் ஓட்டப் படித்தார். எழுத்துப் பரீட்சையில் தவறி, மறுபடி எழுதி, மறுபடி தவறி, கடைசியில் உரிமம் எடுத்தார். கெட்டிக்கார விமானி என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. கவனமான விமானி. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துக் கணக்குப் பார்க்கும் மனிதர் விமானத்தையும் அப்படித்தான் ஓட்டினார்.

அவர் வாங்கியது ஓஸ்டர் என்ற பழைய சிறு விமானம். 1947இல் செய்தது. இரும்புக் குழாய்ச் சட்டம், அதன் மேல் துணி, துணியின் மேல் பூச்சு. இரண்டு பேர் தோள் முட்ட இருக்கலாம். கூ வீ ரப் என்ற ஊர்ப் பக்கம், அஸ்பராகஸ் தோட்டங்களுக்கு நடுவே, ஒரு விவசாயியின் புல் ஓடுபாதையும் தகரக் கொட்டகையும். சனிக்கிழமைகளில் அங்கே போய்விடுவார். பறந்த நேரத்தைவிட, விமானத்துக்குக் கீழே படுத்து எண்ணெய் துடைத்த நேரம் அதிகம். அம்மா அதை "உந்தத் துணிச் சாமான்" என்பார். ஒருநாளும் ஏறியதில்லை.

சொந்தக்காரர்கள் அவருக்கு வைத்த பேர் "பட்டம் விடுறவர்". வைத்தது சிறி மாமா, அம்மாவின் தமையன். வீட்டுக் கடன் எடுத்துக் கொடுக்கும் தரகர், கோயில் நிர்வாக சபைத் தலைவர், எந்தப் பிறந்தநாளிலும் கேக்குக்குப் பக்கத்தில் நிற்பவர்.

"என்ன மச்சான், இண்டைக்கு நூல் அறுந்து வந்திட்டியோ?" என்பார், எல்லோரும் கேட்கும்படி.

"ஓம் மச்சான், காத்து நல்லாத்தான் இருந்தது" என்று அப்பா சிரிப்பார்.

அந்தச் சிரிப்பை நான் வெறுத்தேன். மாமாவின் நையாண்டியில் ஒன்றுமில்லை, அவருக்கு வேறு என்ன தெரியும். அப்பா அந்தக் கூட்டத்திடம் ஒரு நல்ல வார்த்தைக்காகக் காத்துக்கொண்டிருந்தார். அதுதான் பொறுக்க முடியாதது.

நாலு வருடத்துக்கு முன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வந்தது. சிட்னியில் யாரோ ஹெலிகொப்டரில் இருந்து பூத் தூவியதை மாமா காணொளியில் பார்த்துவிட்டார். மெல்பேர்ன் பின்னுக்கு நிற்கலாமா? ஹெலிகொப்டர்க்காரர் விலை சொன்னதும் மாமாவுக்கு மச்சானின் ஞாபகம் வந்தது.

எங்கள் வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி குடித்து, காலுக்கு மேல் காலைப் போட்டுக்கொண்டு சொன்னார்: "மச்சான், கும்பத்துக்குத் தண்ணி ஊத்தேக்க மேலை நிண்டு நீ பூப் போடுறாய். சனம் முழுக்க அண்ணாந்து பாக்கும். உன்ர பேரை மைக்கிலை நானே சொல்லுறன்."

"துணிச் சாமானிலையோ?" என்றார் அம்மா.

"துணியெண்டா என்ன, பூப் பாரமே?"

அப்பாவின் காது சிவந்துவிட்டது. மாமா போனபிறகு என்னிடம் கேட்டார்: "தாட்சா, ஆயிரம் அடியிலை இருந்து ரோசா இதழ் விழ எவ்வளவு நேரம் எடுக்கும்?"

என் தொழில் கருவிப் பொறியியல். தண்ணீர் சுத்திகரிக்கும் நிலையங்களில் அழுத்தம் அளக்கும் கருவிகளைப் பார்ப்பது. இதழ் விழும் வேகத்தை என் வீட்டு மாடியில் இருந்து போட்டு அளந்தோம். காற்றில் எவ்வளவு தள்ளுப்படும் என்று கணக்கிட்டோம். எடுக்கவேண்டிய அனுமதிகளை எல்லாம் அப்பா எடுத்தார். புது வெள்ளைச் சேட்டு வாங்கினார். அது யாருக்காக என்று கேட்டேன். "மேலை இருந்தால் ஆர் பாக்கப் போகினம்" என்றார். ஆனால் அயர்ன் பண்ணினார்.

அன்று காலை விமானத்தை முழுவதும் சுற்றிப் பார்த்தார். எரிபொருள், எண்ணெய், இணைப்புகள், குழாய்கள். எல்லாம் சரி. பிறகுதான் மாமா வந்தார், இரண்டு சபை உறுப்பினர்களோடு, சந்தனக் கிண்ணம், குங்குமம், கற்பூரம், எலுமிச்சம்பழம். புது வாகனத்துக்குச் செய்வதைப் போலத்தான். சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார்கள். காற்றாடிக்குச் சந்தனம். மூக்குக்குச் சந்தனம். அப்பா கற்பூரத்துக்கு முன் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். நான் மற்றப் பக்கத்தில் பூக் கூடைகளை ஏற்றிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில் நடந்ததை நான் பிறகு மாமாவே முகநூலில் போட்ட காணொளியில் பார்த்தேன். இறக்கைக்குக் கீழே ஒரு மெல்லிய குழாய் முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். பறக்கும்போது எதிர்க்காற்று அதன் வாய்க்குள் போய் முட்டும். அந்த அழுத்தம் வெளி அழுத்தத்தைவிட எவ்வளவு கூட என்பதை வைத்துத்தான் வேகமானி வேகத்தைச் சொல்லும். மாமா அதைப் பார்க்கிறார். "இதென்ன கொம்பு?" என்கிறார். "கொம்புக்கும் ஒரு பொட்டு" என்று, பெருவிரல் நிறையச் சந்தனம் எடுத்து அதன் வாயில் அமுக்குகிறார். அதன் மேல் குங்குமம். பின்னால் சிரிப்புச் சத்தம்.

"நேரம் போயிட்டுது மச்சான், ஏறு ஏறு! சுபநேரம் தவறக் கூடாது!"

அப்பா இன்னொரு தடவை சுற்றி வரவில்லை. அவசரப்படுத்தினார்கள், ஏறினார். நான் பக்கத்தில், மடியில் ஒரு கூடை, காலடியில் இரண்டு.

ஓடுபாதையில் ஓடும்போது வேகமானியின் ஊசி எழுந்தது. சந்தனம் ஈரம், ஓரத்தில் எங்கோ இடுக்கு இருந்திருக்கும். தரையை விட்டோம். அந்த வேகத்தில் வந்த காற்று ஈரச் சந்தனத்தை உள்ளே தள்ளி அடைத்துவிட்டது. அடைபட்ட அழுத்தம் குழாய்க்குள் அப்படியே நின்றது. மேலே போகப் போக வெளியில் அழுத்தம் குறையும், உள்ளே குறையாது. ஆகவே ஊசி ஏறியது. அறுபது. எண்பது. முந்நூறு அடி வருவதற்குள் மணிக்கு நூற்றுப் பத்து மைல். அந்த விமானம் ஏறும் வேகம் அறுபதும் சொச்சமும்தான்.

வேகம் கூடிவிட்டது என்று நம்பி மூக்கைத் தூக்கினால் உண்மையான வேகம் குறையும். இன்னும் தூக்கினால் இறக்கை காற்றை விட்டுவிடும். அந்த உயரத்தில் விழுந்தால் மீட்க இடமில்லை. அப்பாவின் கை விமானத்தை இயக்கும் தடியில் ஒரு கணம் பின்னால் வந்தது. நின்றது. அவர் கழுத்தைச் சரித்துக் காற்றின் சத்தத்தைக் கேட்டார்.

"இவன் பொய் சொல்லுறான்" என்றார், ஊசியைப் பார்த்து.

அவர் நெற்றி முழுக்க வியர்வை. வெள்ளைச் சேட்டு முதுகில் ஒட்டியிருந்தது.

"கோயிலுக்குப் போறமோ அப்பா?"

"இல்லை. கீழை வீடுகள். திரும்புவம்."

"சனம் பாத்துக்கொண்டு நிக்கும்."

"நிக்கட்டும்."

அந்தச் சனத்தைப் பற்றி அவர் அப்படி ஒரு சொல் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

இறங்க ஆரம்பித்ததும் ஊசி மற்றப் பக்கம் பொய் சொல்லத் தொடங்கியது. குறையக் குறையக் காட்டியது. "அதைக் கையாலை மூடு, தாட்சா" என்றார். "கண் அங்கை போகுது." கருவிகளை நம்பிச் சம்பளம் வாங்கும் நான் ஒரு கருவியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு இருந்தேன். அவர் சத்தத்தை வைத்தும் தடி கையில் கனத்ததை வைத்தும் இறக்கினார். நல்ல இறக்கம் இல்லை, இரண்டு தரம் துள்ளியது. கூடை கவிழ்ந்து பூவெல்லாம் எங்கள் காலடியில்.

மெல்லிய கம்பியால் அப்பா குழாயைத் தோண்டினார். மஞ்சள் சந்தனக் கட்டி உதிர்ந்தது. மாமாவும் மற்றவர்களும் அதற்குள் காரில் கோயிலுக்குப் போய்விட்டார்கள். நான் தொலைபேசியை எடுத்தேன்.

"ஆருக்கு அடிக்கிறாய்?"

"மாமாவுக்கு. எங்களைக் கொல்லப் பாத்தவருக்கு."

"வை பிள்ளை. கொம்மாவின்ர தமையன். காத்துச் சரியில்லை எண்டு நான் சொல்லுறன். நீ வாய் திறக்கக் கூடாது."

"செத்திருப்பம் அப்பா."

"சாகேல்லைத்தானே."

அன்று கோயில் முற்றத்தில் நானூறு பேர் வெறும் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கழுத்து நொந்து சாப்பிடப் போனார்கள். மாமா மைக்கில் என்ன சொன்னார் என்பது அடுத்த கிழமை எங்கள் காதுக்கு வந்தது. "எங்கட பைலட்டுக்குக் கால் நடுங்கிப் போட்டுது." பட்டம் விடுறவர் என்ற பேர் போய், "பாதியிலை வந்தவர்" என்ற பேர் வந்தது. கல்யாண வீட்டில் அப்பா பரிமாறப் போனால், "இந்திரன், பாதியிலை திரும்பிப் போடாதை, பாயாசம் கடைசி வரிசைக்கும் வரவேணும்" என்பார்கள். அப்பா சிரித்தார். கடைசி வரிசைக்கும் கொண்டுபோய் ஊற்றினார்.

பறப்பதை அவர் விடவில்லை. ஆனால் அதைப் பற்றி யாரிடமும் பேசுவதை விட்டுவிட்டார்.

அந்தியேட்டி முடிந்து மண்டபத்தில் சாப்பாட்டுக்கு முன் மாமா பேச எழும்பினார். நினைவு மலரை உயர்த்திப் பிடித்தார். குரல் தழுதழுத்தது, அதைத் தேவையானபோது செய்யத் தெரியும் அவருக்கு. பிறகு சபை கனத்துப் போகாமல் இருக்க ஒரு பகிடி விட்டார்: "எங்கட மச்சான் கும்பாபிஷேகத்திலை பாதியிலை திரும்பினவர். வாழ்க்கையிலையும் பாதியிலை போயிட்டார்."

சிரித்தார்கள். அப்பாவின் படத்துக்கு முன்னால்.

அவர் இறங்கி வந்ததும் நான் பக்கத்தில் போனேன். "மாமா, அண்டைக்கு அந்தக் குழாயை அடைச்சது நீங்கள். உங்கட சந்தனம்."

திடுக்கிடுவார் என்று நினைத்தேன். அவர் என் தோளில் கை வைத்தார்.

"தெரியும் பிள்ளை. மச்சான் அண்டைக்குப் பின்னேரமே வந்து சொன்னவர்."

"தெரிஞ்சோ இவ்வளவு நாளும் பகிடி பண்ணினீங்கள்?"

"சபையிலை அதைச் சொல்லேலுமே? கும்பாபிஷேகத்திலை குறை வந்தது, அதுவும் தலைவரின்ர கையாலை எண்டால் கோயில் என்னாகிறது? மச்சானும் யோசிச்சுப்போட்டு, நான் பயந்தனான் எண்டே இருக்கட்டும் எண்டவர். நல்ல மனுசன்."

நல்ல மனுசன். தன் உயிரையும் என் உயிரையும் தரைக்குக் கொண்டுவந்த ஒரே நல்ல வேலைக்குக் கோழை என்ற பேரை வாங்கி, அதையும் தானே முன்வந்து எடுத்துக்கொண்டு, நாலு வருடம் பாயாசம் ஊற்றிய மனுசன். அப்பா மேல் எனக்கு அப்போது வந்த கோபம் இன்னும் போகவில்லை. அழுகையும் போகவில்லை.

"இப்ப ஏன் அதைக் கிளறுறாய்" என்று மாமா சொல்லிக்கொண்டிருக்க, நான் மைக்கை எடுத்தேன். மேடைப் பேச்சு எனக்கு வராது. சந்தனம் குழாயை அடைத்தது, வேகமானி பொய் காட்டியது, அப்பா அதைக் கண்டுபிடித்துத் திரும்பினார் என்றேன். யார் பூசியது என்றும் சொன்னேன். அம்மா தலையைக் குனியவில்லை, நேரே தமையனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சபை உறுப்பினர்கள் இருவரும் தங்கள் கோப்பைகளைப் பார்த்தார்கள். பின்வரிசையில் யாரோ சோறு போடத் தொடங்கினார்கள்.

முன் கதிரையில் இருந்த யோகா அன்ரிக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. அப்பாவை எல்லாரையும்விட அதிகம் பகிடி பண்ணியவர் அவர்.

"அப்ப பிள்ளை, அவர் பயப்பிடேல்லையோ?"

"பயந்தவர் அன்ரி. சேட்டு நனையப் பயந்தவர். அதாலைதான் திரும்பினவர்."

"ம்" என்றார் அன்ரி. பிறகு, "துணிச் சாமானை இனி விக்கிறதுதானே?" என்றார்.

"இல்லை" என்றார் அம்மா.