அம்சவள்ளியின் பலா மறியல்

நைனார்பாளையத்தில் அம்சவள்ளி களை எடுக்க வயலில் இறங்கினால், அவள் குரலுக்குப் பயந்து பாதிக் களை தானாகவே வேரோடு எழுந்து வரப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பார்கள். மீதியைத்தான் அவள் கையால் பிடுங்குவாள்.

அவளுக்குச் சொந்தம் என்று இருந்தவை ஒரு கூரை வீடு, மாயவன் என்ற புருஷன், கொல்லையில் ஒரு பலாமரம். இதைப் பின்னாலிருந்து படித்தால் அவளுடைய பிரியத்தின் வரிசை வந்துவிடும்.

கல்யாணமான புதிதில் இருவரும் கல்வராயன் மலையிலுள்ள கரியாலூர் போய் அருவியில் குளித்துப் பலாப்பழம் தின்றார்கள். ஒரு கொட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். சமவெளியில் மலைப்பலா வருமா என்று ஊரே சிரித்தது. வடித்த கஞ்சியை ஊற்றி வளர்த்தாள். எண்பத்தேழாம் வருஷம்தான் முதன்முதலாகக் காய்த்தது; ஒரே ஒரு காய். அதை வீட்டுக்குள் கொண்டுபோக நிலைப்படியை இடிக்க வேண்டியிருந்தது என்றாள் அம்சவள்ளி. நிலைப்படி முழுசாகத்தான் இருந்தது. ஆனால் அதைச் சுட்டிக்காட்ட யாருக்கும் தைரியமில்லை.

அதே வருஷம் புரட்டாசியில், இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியது. புளியமரங்கள் ரோட்டுக்குக் குறுக்கே படுத்துக்கொண்டன. பஸ் ஓடவில்லை, மலைக்குப் போகவும் வழியில்லை. எங்கெங்கோ துப்பாக்கிச் சூடு என்று ரேடியோ சொன்னபோது, ஊரே ரேடியோவைச் சுற்றிக் கூடி நின்றது.

மாயவன் மூலிகை வேர் தோண்டி, கள்ளக்குறிச்சியில் நாட்டுமருந்துக் கடை வைத்திருந்த ராஜாங்கத்திடம் கொடுப்பவன். மறியலுக்கு முந்தின நாள் போனபோது கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். பலகையில் சாக்பீஸால் எழுதியிருந்தது: ‘வைத்தியருக்கு அவசரம். வாதத் தைலம் காய்ச்சப் பலா வேர், அதிபலா வேர்.’ பலா தெரியும், அதிபலா என்ன? யோசித்துக்கொண்டே வீடு வந்தான். காலையில் கடப்பாரையோடு கொல்லைப்பக்கம் போனான்.

“யோவ், அத எங்க தூக்கிகினு போற?”

“பலா வேரு கேக்கறாங்கமே. பக்கவேரு பலா, ஆணிவேரு அதிபலா. ரெண்டும் நம்ம வூட்லியே கீது.”

“ஆணிவேர எடுத்துட்டா மரம் இன்னாத்துல நிக்கும்?”

“வைத்தியருக்கு அவசரமாம். கை கால் புடிச்சிக்கினவங்களுக்குத் தைலம் காய்ச்சணும்.”

“மரத்து மேல கைய வச்சிப் பாரு. ஒன் கால ஒடச்சி, மொதத் தைலம் ஒனக்கே காய்ச்சச் சொல்றேன்.”

சொன்னதோடு நிற்கவில்லை. மரத்தைச் சுற்றி இடுப்பளவு வளர்ந்திருந்த களையெல்லாம் பிடுங்கி வேலியோரம் குவித்தாள். கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவந்து வேரின் மேல் போட்டு ஏறி உட்கார்ந்தாள்.

“ஊரே மறியல் பண்ணுது. நானும் பண்றேன்.”

மறுநாள் பக்கத்துத் தெரு தமிழழகன் கோடாலியோடு கூட்டமாக வந்தான். ரோட்டில் போட இன்னொரு மரம் தேவைப்பட்டது.

“அத்த, கொஞ்சம் எழுந்துக்கிறியா?”

“ஏன்டா, மறியல் பண்றவள மறியல்காரனே எழுப்புவானா?”

பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, “அம்சவள்ளி அத்தை வாழ்க!” என்று ஒரு கோஷமும் போட்டுவிட்டுப் போனார்கள்.

அவள் எழுந்திருக்காததால் மாயவனே களி கிண்டினான். அந்தக் களியைத் தூக்கி எறிந்திருந்தால் கல்வராயன் மலையில் ஒரு குன்று கூடியிருக்கும். அதையும் தின்றுவிட்டு அவள் கட்டிலைவிட்டு அசையாமல் இருந்தாள் என்றால், மரத்தின் மேல் எத்தனை பிரியம் பாருங்கள்.

கடைசியில் ராஜாங்கமே சைக்கிளில் வந்து சேர்ந்தார். வழியெல்லாம் மரம் கிடந்ததால், சைக்கிள் அவரைச் சுமந்ததைவிட அவர் சைக்கிளைச் சுமந்ததுதான் ஜாஸ்தி.

“வேரு எங்கப்பா? வைத்தியரு எண்ணெய வாங்கி வச்சிகினு ஒக்காந்துகினுகீறாரு.”

“இவ எழுந்தாத்தானங்க மரத்தத் தோண்ட முடியும்?”

“மரமா? இன்னா மரம்?”

“நீங்க எழுதிப் போட்ட பலாதாங்க.”

ராஜாங்கம் தலையில் அடித்துக்கொண்டார். “பழத்துக்கு வர்ற ப இல்லய்யா அது. கம்பளிக்கு வர்ற ப!”

மாயவன் விழித்தான். “போர்வையாங்க கேட்டீங்க?”

“சமஸ்கிருதம்யா! நம்ம சிற்றாமுட்டிக்கு அதுல பலான்னு பேரு. துத்திக்கு அதிபலா. பலம் குடுக்கிறது பலா, ரொம்ப பலம் குடுக்கிறது அதிபலா.”

அவர் வாயால் சொன்னபோது இரண்டு ப-வும் வேறுவேறாகக் கேட்டன. பலகையில் எழுதியபோது ஒன்றாகிவிட்டன. அதில் ஒரு மரம் சாய இருந்தது.

“துத்தின்னா, மூலத்துக்குக் கீரையாக் கடைஞ்சி துன்றாங்களே, அதுவா?” என்று அம்சவள்ளி கேட்டாள்.

“அதேதாம்மா.”

அவள் கட்டிலைவிட்டு இறங்கி வேலியோரக் குவியலைக் காலால் புரட்டினாள். துத்தியும் சிற்றாமுட்டியும் இலை வாடி, வேர் அறுபடாமல் கிடந்தன.

“மறியலுக்கு எடம் பண்ணப் புடுங்கிப் போட்டது. எடுத்துக்கினு போங்க.”

மருந்து என்று கேட்டதும், தமிழழகன் கூட்டம் வேர் மூட்டையை ரோட்டில் கிடந்த ஒவ்வொரு மரமாகத் தாண்டித் தூக்கிவிட்டது. அதற்கு முன், வீட்டைவிட்டுக் கிளம்பும்போது ராஜாங்கம் சிரித்தார். “அதிபலான்னு ஒனக்குத்தாம்மா பேரு வச்சிருக்கணும்.”

“பேரு கெடக்கட்டும். இனிமே பலகைல துத்தின்னே எழுதுங்க.”

கடப்பாரை அன்று முதல் அந்த மரத்தடியிலேயே துணிக்கொடி கட்டும் முளையானது. அடுத்த வருஷம் மாயவன் கள்ளக்குறிச்சிக்குப் பலாச்சுளை கொண்டுபோனான். காய் எவ்வளவு பெரிசு என்று ராஜாங்கம் கேட்டார்.

மாயவன் இரண்டு கையையும் அகல விரித்தான். “மறுபடியும் நிலைப்படிய இடிச்சோங்க” என்றான்.