அக்கா மன்றத்துக்கு வெளியே ஆடிய மாதங்கள்

அக்கா இல்லாமல் ஒரு மழைக்காலமும் ஒரு பொங்கலும் கடந்துவிட்டன. முதலாண்டு நினைவு நாளில் இந்த மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் மன்றத்து நண்பர்களுக்கும் தம்பியாகிய நான் சில வார்த்தைகள் எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அக்கா தாராவியில் பிறந்தார். எங்கள் நால்வரில் மூத்தவர். தோல் பட்டறையில் வேலை பார்த்த அப்பா மூச்சிரைப்பால் வீட்டில் உட்கார்ந்தபோது, அக்கா ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டுச் சட்டைகளுக்குக் காஜா எடுத்துப் பட்டன் தைக்கும் வேலைக்குப் போனார். நாங்கள் மூவரும் தொடர்ந்து படித்தோம். அந்தப் பேச்சை யார் எடுத்தாலும், "எனக்குக் கணக்கு வரல. அதான் நின்னுட்டேன்" என்று முடித்துவிடுவார். கேரம் பலகையில் அவர் கோணம் பார்த்து அடித்ததைக் கண்ட யாரும் இதை நம்பமாட்டார்கள்.

திருமணமாகிச் செம்பூருக்கு வந்தார். அத்தான் எங்கள் மனமகிழ் மன்றத்தின் உறுப்பினர். மாரடைப்பில் அவர் மறைந்தபோது மகன் செல்வம் பள்ளி மாணவன். சில மாதங்கள் கழித்து, அத்தானின் உறுப்பினர் அட்டையைத் திருப்பிக் கொடுக்க அக்கா மன்றத்துக்குப் போனார். செயலாளர் அண்ணாச்சி அதை வாங்கவில்லை.

"அட்டைய ஏன் தாரிய தங்கச்சி? அவரு இடத்துல நீங்க வாங்க. சும்மா வந்து உக்காருங்க" என்றார்.

அதுவரை ஆண்கள் மட்டுமே இருந்த கேரம் அறைக்குள் அக்கா அப்படித்தான் போனார். ஆறு மாதம் வேடிக்கை பார்த்தார். பிறகு ஆடினார். பிறகு எங்களைத் தோற்கடிக்க ஆரம்பித்தார். ஒவ்வொருவராய் மற்ற பெண்களையும் கூட்டி வந்தார். உறுப்பினர் யாராவது இரண்டு நாள் வரவில்லையென்றால் மூன்றாம் நாள் அக்கா அவர் வீட்டு வாசலில் நிற்பார். கையில் பெரும்பாலும் ரசத் தூக்கு இருக்கும்.

இனி எழுதப்போவது எனக்குப் பெருமை தருவதல்ல. ஆனாலும் எழுத வேண்டும்.

அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர் சுனிதா தாயி, மராத்திக்காரர்; தாயி என்றால் அவர்கள் மொழியில் அக்கா. மாநகராட்சித் துப்புரவுப் பணியில் ஓய்வு பெற்று வீட்டில் தனியாக இருந்தவரை அக்கா கேரம் ஆட அழைத்து வந்தார். விருந்தினராக வந்துபோனவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவரை உறுப்பினராக்க அக்கா விண்ணப்பம் கொடுத்ததும், தமிழர்களுக்கு மட்டுமே என்ற விதியை நிர்வாகக் குழு எடுத்துக் காட்டியது. விண்ணப்பத்தை நிராகரிக்கக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

அக்கா வாதாடவில்லை. மறுநாள் வீட்டிலிருந்து பழைய கேரம் பலகையைக் கொண்டுவந்து, மன்றத்து வாசலில் ஸ்டூலின் மேல் வைத்துத் தாயியோடு ஆட உட்கார்ந்தார். தினமும் உள்ளே வந்து எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுப்பார், நலம் விசாரிப்பார், ஒரு காயைக்கூடத் தொடமாட்டார். மழை வந்தால் இருவரும் பலகையைச் சுவரோரம் நகர்த்திக்கொள்வார்கள். எட்டு மாதம் இப்படியே போனது. அந்த எட்டு மாதமும் ஞாயிறு தவறாமல் என் வீட்டுக்கு மீன்குழம்பு வந்தது. அதைச் சாப்பிடுவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மன்றங்களுக்கிடையேயான போட்டி நெருங்கியது. அக்கா இல்லாமல் எங்கள் அணி ஒன்றுமில்லை. அண்ணாச்சி வாசலுக்கு வந்தார்.

"இன்னும் கோவம் தீரலையா தங்கச்சி?"

"கோவம்லாம் இல்ல அண்ணாச்சி. அவிய வெளிய இருக்கும்போது எனக்கு உள்ள கை ஓட மாட்டேங்கு. நான் என்ன செய்ய?"

பக்கத்தில் நின்ற என்னை அக்கா பார்க்கக்கூட இல்லை. பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அடுத்த கூட்டத்தில் அந்த விதியை நீக்கச் சொல்லி நான்தான் எழுந்து பேசினேன். யாரும் மறுக்கவில்லை, எல்லோருமே யாராவது பேசட்டும் என்று காத்திருந்தார்கள் போலும். அன்று மாலை அக்கா உள்ளே வந்து, தாயியை உட்காரவைத்து, எதிரே என்னை இருத்தினார்.

"ஆடுல. நான் பாக்கேன்" என்றார். தாயியிடம் தோற்றேன்.

கடைசி இரண்டு ஆண்டுகள் சிறுநீரகக் கோளாறு அக்காவை வருத்தியது. வாரம் மூன்று முறை டயாலிசிஸ். செல்வம் தான் குடியிருக்கும் கோபர்கைரனேயிலிருந்து வந்து சேர முடியாத நாட்களில் மன்றத்தினர் முறைவைத்து உடன் போனார்கள். வெள்ளிக்கிழமைகள் தாயியுடையவை. நோயாளிக்கு என்ன உறவு என்று புதிதாக வந்த நர்ஸ் ஒருநாள் இந்தியில் கேட்க, தாயி "மெம்பர்" என்றாராம். நர்ஸ் புரியாமல் மறுபடி கேட்டிருக்கிறார். அக்கா கண்ணைத் திறக்காமலே, "ஹாங் சிஸ்டர், மெம்பர்" என்றாராம்.

அக்காவின் உயிர் பிரிந்த அன்று எங்களுக்கு முன்னால் ஓடிவந்து எல்லா ஏற்பாடுகளையும் செய்த மன்றத்தினருக்கும், தாராவி, மான்குர்த், வாஷியிலிருந்து வந்து தோள் கொடுத்த உறவினருக்கும், வீட்டில் பதினாறு நாளும் அடுப்பை அணையவிடாத அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சுனிதா தாயிக்கு நன்றியோடு என் மன்னிப்புக் கோரிக்கையும்.

தாயிக்குத் தமிழ் அவ்வளவாகப் புரியாது. செல்வத்தின் பிள்ளைகளுக்குப் பேச்சு வரும், எழுத்து வராது. ஆகவே நினைவு நாள் மாலை மன்றத்தில் இதை நான் வாசிக்க, செல்வம் வரிவரியாக இந்தியில் சொல்வான். எல்லோரும் வாருங்கள். இடையில் என் குரல் நின்றுபோனால் கொஞ்சம் பொறுத்திருங்கள்.