சாப்பாட்டு மேசையில் இர்பின்

அந்த மார்ச் மாதம் என் மனுசன் படைத் தளபதியாகிவிட்டார்.

பகலில் ஜெர்மன் நகரமான டோர்ட்முண்டில் ஒரு டயர்க் கிடங்கில் வேலை. வேலையால் வந்ததும் யூரியூப்பில் யாராவது உக்ரைன் போரைப் பற்றிப் பேசுவதைக் கேட்பார். பிறகு சாப்பாட்டு மேசையில் எனக்கு விளக்குவார். இடியப்பத் தட்டுதான் கீவ், தலைநகரம். பக்கத்தில் குவித்த சம்பல் இர்பின் என்ற சின்ன நகரம். இரண்டுக்கும் நடுவில் ஊற்றிய சொதி ஆறு. அதற்குக் குறுக்கே வைத்த முருங்கைக்காய்த் துண்டு பாலம்.

"இஞ்சரும், இந்தச் சம்பல் விழுந்தால் தலைநகரம் முடிஞ்சுது."

"முதல்ல தலைநகரத்தைச் சாப்பிடுங்கோ, ஆறப்போகுது."

மகன் ஆஹென் நகரத்துக்குப் படிக்கப் போனதில் அவன் அறை சும்மா கிடந்தது. உக்ரைனில் இருந்து வருகிறவர்களுக்கு இடம் தர முடியுமா என்று நகரசபை கேட்டபோது நான் பெயர் கொடுத்திருந்தேன். மாத நடுவில் ஒரு பெண் வந்து சேர்ந்தார். அறுபதை நெருங்கிய வயது. கையில் ஒரே ஒரு பை, கோட்டுக்குள்ளே சாம்பல் நிறப் பூனை. எந்த ஊர் என்று கேட்டேன்.

"இர்பின்."

மனுசனின் முகம் மலர்ந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. "வாய் திறக்கப்படாது," என்று தமிழில் சொன்னேன். ஓம், ஓம் என்றார். இரண்டு நாள் தாக்குப்பிடித்தார். மூன்றாம் நாள் சம்பல் தன் இடத்துக்குப் போனது.

அந்த ஊரை விட்டு ஓடிவந்தவருக்கே அந்த ஊர்ச் சண்டையைத் தன் டயர்க் கிடங்கு ஜெர்மனில் விளக்கத் தொடங்கினார். டாங்கிகள் இந்தப் பக்கத்தால், படை அந்தப் பக்கத்தில். நான் மேசைக்குக் கீழே காலால் உதைத்தேன். உதை பூனையில் பட்டது.

அந்தப் பெண் முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டு, "நைன்," இல்லை, என்றார். தன் கைப்பேசியில் எதையோ சொன்னார். அது மொழிபெயர்த்து, இந்தியத் தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பது போன்ற தமிழில் பேசியது.

"ஐயா, தாங்கள் ஆற்றைத் தவறான இடத்தில் ஊற்றியுள்ளீர்கள். அந்தச் சாலையில் நான் இருபத்திரண்டு ஆண்டுகள் பேருந்து செலுத்தினேன்."

பிறகு தட்டைத் தள்ளி, சொதியைத் துடைத்து, வடைகளை பஸ் தரிப்பிடங்களாக வரிசையாக வைத்தார். சந்தை, பள்ளிக்கூடம், ரயில் நிலையம். மனுசன் முன்னரங்கு என்று காட்டிய இடம் பல் வைத்தியரின் வீடாம். கடைசியாக முருங்கைக்காயை எடுத்து இரண்டாக முறித்தார்.

டாங்கிகள் தலைநகருக்குள் வராமல் இருக்கத் தங்கள் படையே பாலத்தை உடைத்ததாம். ஊர்ச்சனம் உடைந்த பாலத்துக்குக் கீழே, தண்ணீருக்கு மேல் போட்ட பலகைகளில் நடந்து வந்ததாம். பூனையை விட்டுவிட்டு வா என்று ஒரு சிப்பாய் சொன்னபோது, "நீ உன் துவக்கை விடு, நான் இதை விடுகிறேன்," என்றிருக்கிறார். வழியெல்லாம் அந்தப் பூனை பிறாண்டிய கையைக் காட்டினார். அக்கரைக்கு வந்து கோட்டுப் பைக்குள் கைவிட்டால் பஸ்ஸைக் கிளப்புகிற திறப்பு. பஸ் அந்தப் பக்கம், திறப்பு இந்தப் பக்கம். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரிக்கலாமா என்று தெரியாமல் நாங்கள் இருந்தோம்.

மனுசன் கைப்பேசியைத் தன் பக்கம் இழுத்தார்.

"நான் எங்கட ஊர்ச் சண்டைக்குள்ள கிளாலிக் கடலாலை வள்ளத்தில தப்பி வரேக்கை ஒரு பட்மின்ரன் மட்டை கொண்டுவந்தனான்."

கல்யாணம் கட்டி இருபத்தேழு வருடம். எனக்கு இது தெரியாது.

"என்னத்துக்கு?" என்று கேட்டேன்.

"தெரியேல்லை. கையில அகப்பட்டது அதுதான்."

கைப்பேசி சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் மிகவும் அக்கறையாக, "பந்து?" என்றார்.

"பந்தை விட்டிட்டன்."

அப்போதுதான் மூன்று பேரும் சிரித்தோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்குப் பிறகு மனுசன் யாருக்கும் போர் விளக்கவில்லை. வந்ததும் அவரிடம், "இண்டைக்கு அங்க எப்பிடியாம்?" என்று மட்டும் கேட்பார்.

மாதக் கடைசியில் நான் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் குசினிக்குள் ஓடிவந்தார். ஊர் திரும்பவும் தங்கள் கைக்கு வந்துவிட்டது. அதைச் சொல்ல ஜெர்மன் வார்த்தை அகப்படவில்லை. என்னை அகப்பையோடு சேர்த்துப் பிடித்துச் சுற்றினார். கத்தரிக்காய் கருகிப்போனது.

இலையுதிர் காலத்தில் அவர் ஊருக்குத் திரும்பிப் போனார். போய்ச் சேர்ந்ததும் அழைத்தார். சன்னல்களில் கண்ணாடி இல்லை, பலகைதான் அடித்திருக்கிறது, குசினியில் படுக்கிறேன் என்றார். குளிரவில்லையா என்று கேட்டேன். குளிரைச் சமாளிக்கலாம், ஆனால் போர்வை கொண்டுவந்து தந்த கீழ்வீட்டுக்காரி ஒரு மணித்தியாலமாக எழும்பாமல் இருந்து கதைக்கிறாள், அதுதான் ஏலாமல் இருக்கிறது என்றார்.