பயந்தவனைக் கேட்டு எடுத்த துவக்கு

சோலையப்பன் அண்ணையைப் பற்றி எழுதுகிறேன். எந்த நாடு, எந்தக் கம்பனி என்று மட்டும் கேட்காதீர்கள். நான் இன்னும் இங்கே விசாவில் இருக்கிறவன். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. வளைகுடாவில் ஒரு நகரம், அதில் ஒரு தங்கச் சந்தை, விமான நிலையத்திலிருந்து அந்தச் சந்தைக்குத் தங்கம் ஏற்றிப் போகிற வண்டி. வண்டிக்கு நான் டிரைவர். என் பக்கத்து சீட்டில் இடுப்பில் துவக்கோடு இருந்தவர் அவர். துப்பாக்கியை எங்கள் யாழ்ப்பாணத்தில் துவக்கு என்றுதான் சொல்லுவோம்.

இந்தப் பக்கத்தில் காவலுக்கு நிற்கிறவர்களின் கையில் பெரும்பாலும் ஒரு வாக்கிடாக்கிதான் இருக்கும். எங்கள் தங்க வண்டிக்கு மட்டும் போலீஸ் விசேஷ அனுமதி கொடுத்திருந்தது. அதற்கும் ஒரு நிபந்தனை. துவக்கைச் சட்டைக்குள் மறைக்கக் கூடாது, சீருடைக்கு மேலே எல்லோருக்கும் தெரியும்படி கட்டியிருக்க வேண்டும்.

நான் அதற்கு முன் ஷார்ஜா தொழில்பேட்டையில் தண்ணீர் பவுசர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். நல்ல வேலை என்று யாரோ சொல்லி இங்கே வந்து சேர்ந்தால், பக்கத்தில் ஒரு முழத் தூரத்தில் துவக்கு. பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தானே வேண்டும். சின்ன வயதில் செக்பொயின்டில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, ஆமிக்காரனின் துவக்கு சரியாக என் கண் உயரத்தில் இருக்கும். அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்கவும் பயம். எதிரே இருக்கிற அந்த ஓட்டையைப் பார்க்காமல் இருக்கவும் முடியாது. அந்தப் பயம் என்னை விட்டுப் போகவேயில்லை. இன்றைக்கும் ரோட்டில் ஒரு டயர் வெடித்தால் நான் ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்துவிடுவேன்.

சோலையப்பன் அண்ணை கமுதிப் பக்கத்து ஆள். மீசைக்கு மை தடவுவார். புளிக்குழம்பு வைத்தால் ரூம் முழுக்க ஆட்கள் தட்டோடு வந்து நிற்பார்கள். இந்திய ராணுவத்தில் வெகுகாலம் இருந்து பென்ஷனோடு வந்து, கொஞ்ச நாள் ஊரில் பேங்க் வாசலில் காவலுக்கு நின்று, பிறகு இங்கே வந்தவர். ராணுவத்தில் இருந்தவர் என்றால் துவக்குக்குப் பயமிருக்காது என்று நினைத்தேன். அவருக்கு என்னைவிட அதிகப் பயம். ஆனால் அதை அவர் ஒளித்ததில்லை.

"எல்லையில எல்லாம் நின்னுருக்கேன் தம்பி. ஆனா நான் சுட்டது பூராவும் அட்டை மனுசனத்தான். ஒரு உசுரக்கூட எடுத்ததில்ல. இந்தக் காண்ட்ராக்ட முடிச்சு, அப்படியே ஊருக்குப் போயிரணும்" என்று முதல் வாரமே சொன்னார்.

"இஞ்ச ஆரு அண்ணை உங்களச் சுடச் சொல்லப்போறாங்கள்?"

"இடுப்புல கட்டிருக்கோம்ல. அது இருந்தா என்னைக்காவது கை போகும். இந்த ஊர்ல ஒரு குண்டு தப்பிப் போச்சுன்னா நம்ம கழுத்து நம்மது இல்ல. அதவிட, ஒண்ணுந்தெரியாத ஒருத்தன் செத்துப் போயிட்டா, நான் எப்படிச் சோறு திங்கிறது?"

கம்பனி பழைய துவக்குகளை மாற்றிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆயுத அறையில் மேசைமேல் பச்சைத் துணி விரித்து இரண்டு வகைத் துவக்குகளை வைத்திருந்தார்கள். விரும்பியதை எடுக்கலாம். ஒன்று பிளாஸ்டிக் உடம்பு, லேசானது, கறுப்பு. மற்றது முழுக்க முழுக்க ஸ்டீல். நீளக் குழல், அகலமான பிடி, கையில் எடுத்தால் மணிக்கட்டு கீழே போகிற கனம். எல்லோரும் வரிசையாக லேசானதை எடுத்துக்கொண்டு போனார்கள். நாள் முழுக்கச் சுமக்க வேண்டுமே.

எங்கள் சூப்பர்வைசர் பெஷாவர்க்காரன். "லைட் வாலா லோ, பாய். ஜல்தி" என்று, லேசானதை எடுக்கச் சொல்லி அவசரப்படுத்தினான்.

அண்ணை அசையவில்லை. இரண்டையும் மாறி மாறி எடுத்தார், உள்ளே குண்டு இல்லை என்று பார்த்தார், கையில் ஏந்தினார், வைத்தார். ஸ்டீல் கனமாக இருப்பதால் சுடும்போது கையை உதைக்காது, பெரிய கைக்குப் பிடி நன்றாக உட்காரும் என்றெல்லாம் தனக்குள் முணுமுணுத்தார். அப்புறம் திடீரென்று, வண்டிச் சாவியோடு வாசலில் நின்ற என்னைக் கூப்பிட்டார்.

"பிரவீணா, இங்க வா. இந்த ரெண்டுல எதப் பாத்தா உனக்கு ஈரக்குலை நடுங்குது?"

"என்னை ஏன் அண்ணை கேக்கிறியள்? எனக்கு ரெண்டும் பயம்தான்."

"அதனாலதான் கேக்குறேன். பயப்படாதவன்கிட்ட கேட்டு என்ன பிரயோசனம்? நல்லாப் பாத்துச் சொல்லு."

பார்த்தேன். லேசானது, தச்சு வேலைக்காரர் வைத்திருக்கிற டிரில் மெஷின் மாதிரி இருந்தது. ஸ்டீல் அப்படியில்லை. டியூப்லைட் வெளிச்சம் அதன் முதுகில் படுத்திருந்தது. என்னை அறியாமல் ஒரு அடி பின்னால் வைத்தேன். தொடாமல், தூரத்தில் நின்றே விரலைக் காட்டினேன்.

"அப்ப இதுதான்" என்று எடுத்துக்கொண்டார்.

உறையையும் அப்படித்தான் எடுத்தார். மற்றவர்கள் சட்டென்று உருவுகிற மாதிரி உறை கேட்டார்கள். இவர் இரண்டு பூட்டு உள்ளதாகத் தேடி எடுத்தார். மேலே ஒரு வார், அதைப் பெருவிரலால் தள்ள வேண்டும். உள்ளே ஒரு கொக்கி, அதை அமுக்கிக்கொண்டே இழுத்தால்தான் துவக்கு வெளியே வரும். நீ இதை வெளியே எடுப்பதற்குள் திருடன் அவன் ஊருக்கே போய்ச் சேர்ந்துவிடுவான் என்று சூப்பர்வைசர் சிரித்தான்.

"போகட்டுமே. அவன் போறதுதானே நமக்கு வேணும்" என்று தமிழில் சொல்லிவிட்டு வந்துவிட்டார். வண்டியில் ஏறிய பிறகு எனக்கு விளக்கம் சொன்னார். "கள்ளப்பய தூரத்துல பாக்கும்போதே அவனுக்கு வயித்தக் கலக்கணும். அப்படியே திரும்பிப் போயிருவான். நான் எடுக்கவே வேண்டாம். மீறிக் கை போனாலும் ரெண்டு பூட்டு இருக்கு. ஒண்ணு அவனுக்கு, ஒண்ணு என் அவசரத்துக்கு."

அதற்குப் பிறகு அந்த இரும்போடு அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. கால்சட்டை ஒரு பக்கமாக இறங்கும். ஒரு பெல்ட் போதாமல் இரண்டு கட்டினார். இடுப்பில் கறுப்பாகத் தழும்பு விழுந்தது. கோடையில் வெயிலில் நின்றுவிட்டு வண்டியில் ஏறினால், தெரியாமல் கை பட்டாலே சுட்டுவிடும். வியர்வை பட்டுத் துரு ஏறாமலிருக்க, டியூட்டி முடிந்து ஒப்படைக்கும் முன் துடைத்து எண்ணெய் போடுவார். மனைவி வீரம்மாள் மத்தியானத்தில் வீடியோவில் கூப்பிடுவார். ஒருநாள் போன் கொஞ்சம் சரிந்துவிட்டது.

"இடுப்புல என்னங்க அது?"

"வாக்கிடாக்கி."

"இம்புட்டுப் பெரிய வாக்கிடாக்கியா?"

"கம்பனியில குடுத்தது. நீ சாப்பிட்டியா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சிரித்தால் மாட்டிக்கொள்வார்.

அவர் கணக்கு பலித்தது என்றுதான் சொல்ல வேண்டும். சந்தையில் அவர் இறங்கினால் ஆட்கள் தானாக விலகினார்கள். டீக்கடைக்காரர் கப்பைத் தள்ளி வைத்துவிட்டுப் பின்னால் போவார். "ஒருத்தனும் பக்கத்துல வரமாட்டேங்குறான்" என்று ஒருநாள் சொன்னார். அதுதானே உங்களுக்கு வேணும் என்றேன். "வேணுந்தான்" என்றார். எனக்கு மட்டும் அந்தத் துவக்கு பழகவேயில்லை. வண்டி ஒரு பள்ளத்தில் விழுந்தாலும் என் கண் அவர் இடுப்புக்குத்தான் போகும்.

அட்சய திருதியைக்கு முன்னால் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியது. எங்கோ ஒரு தங்க வண்டிக் காவல்காரனின் துவக்கைப் பின்னாலிருந்து உருவி, அதாலேயே அவனைச் சுட்டுவிட்டார்கள் என்று. உண்மையோ பொய்யோ, யாருக்குத் தெரியும். சூப்பர்வைசர் எல்லோரையும் கூட்டி நிறுத்தி, பின்னாலிருந்து யாராவது கை வைத்தால் யோசிக்காதீர்கள், முதலில் உருவுங்கள், பிறகு கேள்வி கேளுங்கள் என்றான்.

அன்றிலிருந்து அண்ணை சரியாகச் சாப்பிடவில்லை. புளிக்குழம்பும் இல்லை. நடக்கும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தார். அதுவரை அந்தத் துவக்கு தன் பாட்டுக்கு இடுப்பில் தொங்கும், அவர் கை அதன் பக்கம் போனதை நான் கண்டதில்லை. இப்போது கை நிமிஷத்துக்கு ஒரு தரம் அதைத் தொட்டுவிட்டு வந்தது.

திருதியை அன்று பின்னேரம். சந்தையில் கால் வைக்க இடமில்லை. பாதி ஊர் தமிழும் மலையாளமும் பேசிக்கொண்டு நின்றது. வண்டியைக் கடை வாசலோரம் நிறுத்தினேன். பெட்டி தூக்குகிற ஆள் உள்ளே போனான். அண்ணை வண்டியின் பின்கதவருகே, கடை வாசலைப் பார்த்தபடி, கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். டிரைவர் இறங்கக் கூடாது, கதவைத் திறக்கக் கூடாது. நான் பக்கக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு சின்னப் பிள்ளை வந்தது. மஞ்சள் சட்டை, முன்பல் இரண்டு இல்லை. அண்ணையின் இடுப்பு சரியாக அதன் கண் உயரம். எங்கள் எல்லோரையும் பயமுறுத்திய அந்த ஸ்டீல் அதன் மூக்குக்கு நேரே பளபளத்தது. அது பயப்படவில்லை. துவக்குக்குப் பயப்பட அந்தப் பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நான் செக்பொயின்டில் நின்ற வயதுதான் அதற்கு. அது சிரித்துக்கொண்டே கையை நீட்டிப் பிடியைப் பிடித்தது.

நான் கத்தினேன். குண்டு துளைக்காத கண்ணாடி, என் சத்தம் எனக்கே திரும்பி வந்தது. ஹாரன் என்று ஒன்று இருக்கிறது என்பது எல்லாம் முடிந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அண்ணையின் கை அந்தச் சின்னக் கையின் மேல் விழுந்தது. பெருவிரல் வாரைத் தள்ளியது. வார் திறந்துகொண்டதைக் கண்ணாடியில் பார்த்தேன். இழுத்தார். வரவில்லை. உள்கொக்கியை அமுக்கவில்லை. மறுபடி இழுத்துக்கொண்டே திரும்பினார். திரும்பிய கண், ஆள் உயரத்தில் ஒருவனைத் தேடியது. அங்கே யாரும் இல்லை. பிறகுதான் கீழே பார்த்தார்.

பிள்ளையின் விரல்கள் அவர் உள்ளங்கைக்கும் இரும்புக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தன. அவர் கையை எடுத்த பிறகுதான் அது வீரிட்டு அழுதது.

"ஆமிரா!" என்று தாய் ஓடி வந்தாள். கீழக்கரைப் பக்கத்துப் பேச்சு. பெட்டி தூக்குகிறவன் வந்து கதவைத் திறந்ததால் எனக்கும் கேட்டது. "டாய்னு நெனச்சேன் உம்மா, தொட்டுத்தான் பாத்தேன்" என்று பிள்ளை விம்மியது. தாய் அதை இழுத்துத் தன் பின்னால் ஒளித்துக்கொண்டாள். அவள் அண்ணையின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் இடுப்பைப் பார்த்தே பேசினாள்.

"மன்னிச்சிருங்க. சின்னப் புள்ள, தெரியாமச் செஞ்சிட்டா. மன்னிச்சிருங்க."

குழந்தையின் கை சிவந்து வீங்கியிருக்கிறது, மன்னிப்புக் கேட்பது அவள். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

திரும்பி வரும் வழியில் தண்ணீர்ப் போத்தலைத் திறந்தார். பாதி சட்டையில் கொட்டியது. மூடியைத் திருகிக்கொண்டே கேட்டார்.

"கொக்கிய அமுக்கிருந்தா?"

நான் கியரை மாற்றினேன்.

"இப்பவும் இதப் பாத்தா உனக்குப் பயமா இருக்கா தம்பி?"

பொய் சொல்லியிருக்கலாம். என்னால் முடியவில்லை. "துவக்கப் பாத்து இல்லை அண்ணை. உங்கட கையப் பாத்துத்தான் பயமாய்க் கிடக்கு."

அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். கம்பனி வாசல் வரும்வரை அப்படியே இருந்தார்.

அன்று துவக்கை வழக்கம்போலத் துடைத்து, எண்ணெய் போட்டு, ஒப்படைத்தார். அதன்பிறகு அதை வாங்கவில்லை. சூப்பர்வைசர் கத்தினான், கலாஸ், உன் கதை முடிந்தது என்றான். கடைசியில் ஒரு கட்டடத்தின் நிலவறைப் பார்க்கிங்கில் காவலுக்குப் போட்டார்கள். போன வாரம் பார்க்கப் போனேன். வீரம்மாள் அக்கா வீடியோவில் இருந்தார். இவர் இடுப்பிலிருந்து எதையோ எடுத்து போனுக்கு நேரே காட்டிக்கொண்டிருந்தார். "நல்லாப் பாத்துக்க, வாக்கிடாக்கிதான்" என்றார். இந்தத் தடவை அது உண்மை. இடுப்பில் அந்தத் தழும்பு மட்டும் போகவில்லையாம்.

என் பக்கத்து சீட்டில் இப்போது ஒரு இளந்தாரி வந்திருக்கிறான். லேசான துவக்கு, ஒரே பூட்டு. கண் மூடித் திறப்பதற்குள் உருவுவான். என்னிடம் இரண்டு தடவை உருவிக் காட்டியும் விட்டான். சந்தையில் வண்டியை நிறுத்தியதும் நான் ஹாரனில் கையை வைத்துக்கொண்டு, சுற்றிலும் பிள்ளைகள் யாராவது நிற்கிறார்களா என்று பார்க்கிறேன். பார்த்த பிறகுதான் அவனை இறங்கச் சொல்கிறேன்.