மாவு நனையும் முன்

மருத்துவமனையில் எல்லோருக்கும் அவள் மாவுக்கட்டு அக்கா. இருபத்திரண்டு வருடமாகக் கை ஒடிந்தவர்களுக்கும் கால் ஒடிந்தவர்களுக்கும் கட்டுப் போட்டு வருபவள். அவளிடம் வம்பான பழக்கம் ஒன்று உண்டு. முட்டியில் அடிபட்டு யார் வந்தாலும் காலை லேசாக மடக்கி, முட்டியின் பின்குழியில் இரண்டு கை விரல்களையும் ஆழமாக அழுத்துவாள். அங்கே ஓடும் தமனியின் துடிப்பு தட்டுப்படும்வரை மாவுத்துணியைத் தண்ணீரில் நனைக்க மாட்டாள். நரம்புக்கும் சிரைக்கும் அடியில் பதுங்கியிருக்கும் குழாய் அது, லேசில் அகப்படாது. "அக்கா தியானத்துல இருக்காங்க" என்று வெளியே கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

கேலி செய்தவர்களுக்கு அவள் அண்ணனின் கதை தெரியாது. பந்து விளையாடும்போது அவனுக்கு முட்டி நழுவி, தானாகவே பழையபடி பொருந்திக்கொண்டது. எலும்பு முறியவில்லையே என்று யாரோ அவசரமாகக் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் கட்டைப் பிரித்தால் விரல்கள் கறுத்திருந்தன. அண்ணன் பிழைத்தான், கால் பிழைக்கவில்லை. அந்தக் கோபத்தில்தான் அவள் இந்த வேலைக்கே வந்தாள்.

ஒரு நாள் மதியம், ஏணியிலிருந்து விழுந்து முட்டி வீங்கிப்போன பெயின்டர் ஒருவனைத் தள்ளுவண்டியில் கொண்டு வந்தார்கள். சட்டையெல்லாம் பச்சைப் புள்ளி. பின்னாலேயே அவன் மனைவி. எக்ஸ்ரேயில் முறிவு இல்லை, கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பலாம் என்றது சீட்டு.

நல்ல காலில் துடிப்பு திம்மென்று இருந்தது. அடிபட்ட காலில் விரலை மாற்றி மாற்றித் தேடினாள். ஒன்றுமில்லை. சீட்டு எழுதிய டாக்டரைக் கூப்பிட்டாள்.

"டாக்டர், முட்டிக்குப் பின்னால துடிப்பே இல்ல."

"பாதத்துல இருக்கே அக்கா, நானே பார்த்தேன்" என்ற டாக்டர், பொறுமையிழந்து தானே மாவுச் சுருளை வாளித் தண்ணீரில் போட்டார்.

"சுத்தியிருக்கற சின்னக் கிளைங்க வழியா ஏதோ கொஞ்சம் போகுது, அதான். பெரிய குழாய முட்டிக்கு மேலயும் கீழயும் தசை இறுக்கிப் பிடிச்சு வச்சிருக்கு. விழுந்தப்ப முட்டி நழுவித் தானா பொருந்தியிருந்தா அது எங்க ஒதுங்கும்? கிழிஞ்சிருக்கும். ரெண்டு பாதத்தையும் ஒண்ணா தொட்டுப் பாருங்க. அப்பறமும் கட்டணும்னா நீங்களே கட்டிக்கோங்க, நான் வேலைய விட்டுப் போறேன்."

டாக்டர் தொட்டார். ஒரு பாதம் சில்லென்றிருந்தது. அவர் முகம் மாறியது.

"எப்ப விழுந்தாரு?"

"பதினோரு மணி இருக்கும் சார்" என்றாள் மனைவி.

ஆறு மணி நேரம் தாண்டினால் கால் தங்காது. மூன்று ஏற்கெனவே போயிருந்தது. டாக்டர் போனை நோக்கி ஓடினார். அரை மணியில் பெயின்டர் அறுவை அறைக்குள் இருந்தான். வாளியில் கிடந்த மாவு கல்லாக இறுகி, வாளியும் வீணாய்ப் போனது.

இரண்டு மாதம் கழித்து ஊன்றுகோலோடு அவனே நடந்து வந்தான், கூடவே மனைவியும். அக்கா வேறொன்றும் கேட்காமல் அவனைப் படுக்க வைத்து, முட்டியை மடக்கி விரல்களை அழுத்தினாள். நெடுநேரம் கையை எடுக்கவில்லை.

"என்னக்கா, இல்லையா?" என்று மனைவி பதறினாள்.

"இருக்கும்மா. நல்லாவே இருக்கு."

அவர்கள் போனதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, இன்னிக்கு ஒரு கால் நடந்து வந்துச்சுண்ணா."