ஒரு பட்டனை அழுத்திய கதை

மென்பொருள் தொழிலில் எழுதுகிறவர்களுக்குப் பெயர் உண்டு, விற்கிறவர்களுக்குக் காசு உண்டு, ஒன்றையும் இன்னொன்றையும் இணைத்து வைக்கிறவர்களுக்கு மட்டும் "இன்னும் முடியலையா?" என்ற கேள்விதான் உண்டு. இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை, உங்களுக்கே எல்லாம் தெரியும். ஆறுதலுக்காக வேண்டுமானால் படியுங்கள்.

டீ குடிக்கும் நேரம்

எங்கள் அலுவலகம் தெற்குச் சீமை வண்ணார்பேட்டையில் ஒரு பெயிண்ட் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. கீழே கடையும் மேலே கம்பெனியும் ஒரே முதலாளிக்குச் சொந்தம். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. சென்னைக் கம்பெனி ஒன்று வெளிநாட்டுக் கஸ்டமரிடம் வேலை பிடித்து, அதை எங்களிடம் கொடுத்துச் செய்து வாங்கும். நாங்கள் ஏழு பேர். அதில் நான்கு பேர் பெண்கள், சென்னைக்குப் போய் வேலை பார்க்க முடியாதவர்கள். என் கணவர் வெளிநாட்டில், தம்மாமில் இருக்கிறார். பிள்ளைகள் இரண்டும் மேலப்பாளையத்தில் படிக்கின்றன. டவுன் பஸ்ஸில் போய்விட்டுச் சாயங்காலம் வீடு திரும்பும் தூரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே கணினி வேலை அதுதான்.

ஒருநாள் சென்னையிலிருந்து மேனேஜர் ரமேஷ் கூப்பிட்டார். நாங்கள் எழுதும் நிரல்களெல்லாம் கிட் களஞ்சியத்தில் இருக்கும். எந்த வரியை யார் எப்போது மாற்றினார்கள் என்பது உட்பட அங்கே பதிவாகிவிடும். கஸ்டமர் புதிதாக ஒரு டெவாப்ஸ் தளம் வாங்கியிருக்கிறாராம். களஞ்சியத்தை அதோடு இணைத்துவிட்டால் சோதனை, வெளியீடு, யார் வேலை எதுவரை வந்திருக்கிறது என்ற கணக்கு எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளுமாம். மாசக் கடைசிக்குள் இணைக்காவிட்டால் வேலை கோயம்புத்தூர் டீமுக்குப் போய்விடும் என்றார். எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டேன்.

"ஒரு பட்டன்தானே மேடம், டீ குடிச்சுட்டு வந்து அழுத்துங்க."

மதினி மாட்டேன் என்றார்

டீ குடித்துவிட்டு வந்து அழுத்தினேன். "உரிமையாளரிடம் அனுமதி கேளுங்கள்" என்று வந்தது. அண்ணாச்சிக்கு ஒரு பழக்கம். கடை, லாரி, வீடு எல்லாம் அவர் மனைவி பெயரில்தான் இருக்கும், ராசியாம். களஞ்சியத்தின் கணக்கையும் அப்படியே தொடங்கியிருந்தார். உரிமையாளர் அம்பாசமுத்திரத்தில் வீட்டில் இருந்த அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் மதினி. ஓடிபி போவதும் மதினி போனுக்கு.

போன் செய்து, இப்போது ஒரு எண் வரும், அதைச் சொல்லுங்கள் மதினி என்றேன். பேங்க்காரன் சொல்லக்கூடாது என்று சொல்லியிருப்பதாக மதினி சொன்னார். இது பேங்க் இல்லை என்றேன். எல்லாத் திருடனும் அப்படித்தான் தொடங்குவான் என்றார். நான் நான்காவது தடவை தோற்றதும் அண்ணாச்சி போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டு, "ஏட்டி, நான்தான் பேசுதேன், அந்த நம்பரைச் சொல்லு" என்று அதட்டினார். மாடியில் ஏழு பேரும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"எங்க வீட்டுக்காரரு குரல்லயே பேசி ஏமாத்துதாங்கன்னு டிவில காட்டுனான். நீ யாருன்னு எனக்குத் தெரியாது, போனை வையி."

ஒன்றே ஒன்று

அண்ணாச்சி வீட்டுக்குப் போய்க் கேட்டு வாங்கியிருக்கலாம். ஆனால் அந்த எண் சில நிமிஷத்தில் செத்துப்போகும், பக்கத்திலேயே கணினியும் அதைத் தெரிந்த ஆளும் வேண்டும். எனவே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நானே அம்பாசமுத்திரத்துக்குப் பஸ் ஏறினேன். நேரில் பார்த்ததும் மதினிக்குச் சந்தேகம் போய்விட்டது. காப்பி கொடுத்தார், எண்ணையும் சொன்னார். அடுத்த திரையில் ஒரு கேள்வி: எல்லாக் களஞ்சியங்களுக்கும் அனுமதியா, குறிப்பிட்டவற்றுக்கு மட்டுமா? என்ன கேட்கிறான் என்றார். விளக்கினேன். மதினி லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, கண்ணாடியை மாட்டி, அவரே ஏதோ அழுத்தி, முடிந்தது என்று மூடிக் கொடுத்தார். முடிந்ததே என்ற சந்தோஷத்தில் நானும் திறந்து பார்க்கவில்லை.

பஸ்ஸில்தான் பார்த்தேன். பட்டியலில் முதலாவதாக இருந்த ஒன்றுக்கு மட்டும் அனுமதி கொடுத்திருந்தார். அது மதினியுடைய அண்ணனின் அரிசி ஆலைக்கு நாங்கள் எப்போதோ எழுதிக் கொடுத்த பில்லிங் நிரல், அதை யாரும் தொட்டே வருஷக்கணக்காகிறது. வீரவநல்லூரில் இறங்கி, எதிர்ப்பக்கம் வெயிலில் நின்று, வந்த வழியே திரும்பப் போனேன். கதவைத் திறந்த மதினி கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. கஸ்டமர் வேலை இருந்த களஞ்சியத்துக்கும் அனுமதியை வாங்கிவிட்டு, ஏன் மதினி இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"மொத்தத்தையும் மொத நாளே யாராவது தூக்கிக் குடுப்பாங்களா? ஒண்ணு குடுத்துப் பாப்போம், ஒழுங்கா வச்சிக்கிட்டா மத்ததைக் குடுப்போம்னு இருந்தேன்."

பத்திரமான இடம்

அனுமதி வந்தால் போதாது, சாவியும் வேண்டும். டோக்கன் என்று நீளமாக ஒரு எழுத்துக்கோவை கொடுப்பார்கள். ஒரே ஒருமுறைதான் காட்டுவோம், நகல் எடுத்துக்கொள்ளுங்கள், யாரிடமும் காட்டாதீர்கள் என்று சிவப்பில் எழுதியிருக்கும். அன்றைக்கு என் சின்னவனுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். எங்களில் மூத்தவரான இசக்கி அண்ணனிடம் டோக்கனை ஒப்படைத்துவிட்டு ஓடினேன்.

மறுநாள் வந்து பார்த்தால் இணைப்பு அறுந்து கிடந்தது. டோக்கன் ரத்து. இசக்கி அண்ணன் அதைக் களஞ்சியத்துக்குள்ளேயே, எல்லோரும் முதலில் திறக்கும் பக்கத்தில், கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தார். களஞ்சியக்காரர்களின் காவல் நிரல் அதை மோப்பம் பிடித்து, சாவி வெளியே வந்துவிட்டது என்று அதுவே கொன்றுவிட்டது. புது டோக்கனுக்கு மறுபடியும் ஓடிபி, மறுபடியும் அம்பாசமுத்திரம் பஸ். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணனுக்கும் முகம் செத்துப்போயிற்று.

"தொலைஞ்சிரப்பிடாதேன்னுதாம்மா அங்கன வச்சேன்."

ஒரே வட்டம்

மாசக் கடைசிக்கு முன்பே இணைந்துவிட்டது. பச்சை அடையாளம் வந்தபோது மாடியில் கைதட்டினார்கள். அண்ணாச்சி கீழேயிருந்து எல்லோருக்கும் அல்வா வாங்கி அனுப்பினார். டெவாப்ஸ் தளம் எங்களுடைய மூன்று வருஷ வேலையையும் உறிஞ்சி எடுத்து, டாஷ்போர்டு என்கிற பலகையில் படம் போட்டது. எழுதிய ஒவ்வொருவருக்கும் ஒரு வட்டம் வரவேண்டும். ஒரே ஒரு வட்டம்தான் வந்தது, பெரிதாக. அதற்குள் அண்ணாச்சி பெயர்.

விஷயம் இதுதான். சொத்து மதினி பெயரில் என்றால், பெயர்ப்பலகை எப்போதும் அண்ணாச்சி பெயரில். கணினிகள் வாங்கியபோது விற்றவர்கள் ஒன்றில் மட்டும் எல்லாவற்றையும் நிறுவி, பயனர் பெயர் கேட்ட இடத்தில் முதலாளி பெயரைப் போட்டு, அதையே மற்ற கணினிகளுக்கும் நகலெடுத்துக் கொடுத்தார்கள். ஏழு பேரில் யார் எழுதினாலும் அண்ணாச்சி எழுதியதாகவே பதிவானது. எங்களுக்கு அது தெரியும். பில்லில் கடைப் பெயர் இருக்கிற மாதிரிதானே என்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைக்குள் அது சரியாகத்தான் இருந்தது. கடையையும் கஸ்டமரையும் நான் இணைத்து வைத்த பிறகுதான் வினையாயிற்று.

ரமேஷுக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். அண்ணாச்சிக்கு நிரலில் ஒரு வரி எழுதத் தெரியாது, இதில் பாதிக்கு மேல் நான் எழுதியது என்றேன். இனி எழுதுவதில் அவரவர் பெயர் வரும்படி மாற்றிவிட்டோம், பழையதையும் திருத்தித் தரட்டுமா என்று கேட்டேன். நடந்து முடிந்ததை இப்போது திருத்துகிறவர்களை எப்படி நம்புவது என்று கஸ்டமர் மறுத்துவிட்டாராம். எங்களை உங்களுக்கே தெரியுமே சார், தினமும் பேசுகிறீர்களே என்று கெஞ்சினேன். இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது.

"எனக்குப் புரியுது மேடம். ஆனா சிஸ்டம்ல அப்படி இல்லையே."

அடக்கமானவர்

கஸ்டமர் பலகையைப் பார்த்தார். ஏழு பேருக்குச் சம்பளம் போகிறது, வேலை செய்வது ஒருவர். அவரை மட்டும் வைத்துக்கொள்கிறோம், சென்னையில் உட்கார்ந்து வேலை பார்க்கட்டும், மீதி வேலை கோயம்புத்தூருக்கு என்று எழுதிவிட்டார். ரமேஷ் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாராம், அதையும் நம்புகிறேன். அவரும் யாரோ ஒருவரின் பலகையில் ஒரு வட்டம்தானே.

அண்ணாச்சி மாடிக்கு வந்து என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார். மற்றவர்கள் டிபன் பாத்திரம், சார்ஜர், செருப்பு என்று அவரவர் சாமான்களைப் பைகளில் போட்டுக்கொண்டிருந்தார்கள். கஸ்டமர் அவரிடம் நேரடியாக வீடியோவில் பேசினார் என்றும், ரமேஷ் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தார் என்றும் தெரியும். என்ன சொன்னீர்கள் அண்ணாச்சி என்று கேட்டேன். கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். சிரிக்க முயன்றார், வரவில்லை.

"உள்ளதைத்தாம்மா சொன்னேன். எனக்கு ஒரு எழுத்து தெரியாது, எல்லாம் இந்தப் பிள்ளைக எழுதுனதுதான்னேன். இவ்வளவு அடக்கமான மனுசனைப் பாத்ததே இல்லைன்னு சொல்லுதான்."

இப்போது வீட்டிலிருந்தபடியே வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். மூன்று வருஷமாக என்ன எழுதினீர்கள், களஞ்சியத்தைக் காட்டுங்கள் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் நான் அண்ணாச்சியைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது.